பண்ணையில் வெல்டிங் யந்திரம்: வேலைக்கு முன் காவல்

சேலம் ஜில்லாவிலும், 1997-ஆம் ஆண்டில் அதிலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான நாமக்கல்லிலும், நிலமுடைய குடியானவர்களின் பம்பு அறைகளில் சில வருஷங்களாக ஒரு புதிய சாமான் இடம் பெற்று வருகிறது. கடப்பாரை, மண்வெட்டி, மருந்து தெளிக்கும் கருவி ஆகியவற்றின் பக்கத்தில், ஒரு கையால் தூக்கக்கூடிய சிறிய வெல்டிங் யந்திரம் வைக்கப்பட்டிருக்கிறது. பழைய யந்திரம் உலோகச் சுருளும் இரும்புத் தகடுகளும் அடங்கிய கனத்த பெட்டி. அதை நகர்த்துவதற்கு இரண்டு ஆட்கள் வேண்டும். இப்போது வரும் இன்வெர்ட்டர் யந்திரமோ சில கிலோ எடையே உள்ளது. விலையும் நடுத்தர விவசாயிக்கு எட்டக்கூடியது. ஆகையால் அது பரவி வருவதில் வியப்பில்லை.

அதனால் உண்டாகும் நன்மையையும் மறுப்பதற்கில்லை. மழை பெய்து நிலம் பதமாக இருக்கும் நாளில் டிராக்டர் கலப்பையின் சட்டம் விரிசல் விட்டால், அதைக் கழற்றி ராசிபுரத்திற்கோ திருச்செங்கோட்டிற்கோ எடுத்துச் சென்று, பட்டறையில் முறை வரும்வரை காத்திருந்து, திரும்பி வருவதற்குள் ஈரம் காய்ந்துவிடுகிறது. மாட்டுக் கொட்டகையின் கதவு, தீவனத் தொட்டியின் கால், கோழிப் பண்ணையின் கம்பிச் சட்டம், வேலிக் கம்பம் இவை போன்ற சில்லறை வேலைகளுக்கெல்லாம் ஆளைத் தேடி அலைவதைக் காட்டிலும், வீட்டிலேயே அரை மணியில் முடித்துக்கொள்வது சிலாக்கியமே.

ஆயினும், யந்திரத்தின் விலை குறைந்த அளவிற்கு அதன் அபாயம் குறையவில்லை என்பதை வாங்குவோரில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கடையில் யந்திரத்தையும் ஒரு கட்டுக் கம்பியையும் வாங்குபவர், முகக்கவசம், கையுறை, நிலத்தொடர்பு, தனி ஸ்விட்சு ஆகியவற்றைப் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார். அந்தப் பிறகு பெரும்பாலும் வருவதில்லை. யந்திரத்திற்குச் செலவிடும் பணத்தில் குறைந்தது நான்கில் ஒரு பங்கையேனும் காவலுக்கு ஒதுக்க இயலாதவர், தம் வேலையைப் பட்டறைக்கு அனுப்புவதே லாபம் என்பது இங்கே வற்புறுத்தத்தக்க விஷயம்.

பட்டறையும் கொட்டகையும்

இந்தச் சமவெளிக்கு இரும்பு வேலை புதிதன்று. கஞ்சமலையின் இரும்புத் தாது பெயர் பெற்றது. 1830-ஆம் ஆண்டுகளிலேயே ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்துத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை நடத்தினார். அந்த மலையடிவாரத்தில் இன்று சேலம் உருக்காலை நிற்கிறது. நாமக்கல் லாரிகளுக்குக் கூடு கட்டுவதிலும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளைக் கட்டுவதிலும் தேசமெங்கும் பெயர் பெற்றவை. ஒவ்வொரு கிராமத்திலும் அப்பட்டறைகளில் வேலை பார்த்த ஒருவராவது இருப்பார். ‘நாங்கள் பார்க்காத வெல்டிங்கா?’ என்ற தைரியம் அதனால்தான் பிறக்கிறது.

ஆனால் பட்டறையில் இருப்பது யந்திரம் மட்டுமன்று. அங்கே தரை சிமெண்டுத் தரை. கூரை தகரக் கூரை. மின்சாரம் அந்த வேலைக்கென்றே பெற்ற இணைப்பில் வருகிறது. எரியும் பொருள்கள் வேறிடத்தில் இருக்கின்றன. ஒருவர் கம்பி பிடித்தால் இன்னொருவர் பக்கத்தில் நிற்கிறார். பண்ணைக் கொட்டகையிலோ தென்னங்கீற்றுக் கூரை, வைக்கோற்போர், கடலைக்கொடி, தீவன மூட்டை, ஈரத் தரை, வேடிக்கை பார்க்கும் சிறுவர் ஆகிய எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன. குடியானவர் பட்டறையிலிருந்து யந்திரத்தைக் கொண்டுவந்து, தரையையும் கூரையையும் அங்கேயே விட்டுவிட்டார் என்று சொல்லலாம். ‘இருபது வருஷமாக இப்படித்தான் செய்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை’ என்ற வாதம் பட்டறைக்கே முழுதும் பொருந்தாது. கொட்டகைக்குச் சிறிதும் பொருந்தாது.

‘எர்த்’ என்னும் ஒரே சொல்

கிராமங்களில் பெருந்தீங்கு விளைக்கக்கூடிய குழப்பம் ஒன்று உண்டு. வெல்டிங் வேலையில் இரண்டு வெவ்வேறு கம்பிகளுக்கு ‘எர்த்’ என்ற ஒரே பெயர் வழங்குகிறது. ஒன்று, வேலைப் பொருளில் கவ்வியால் மாட்டப்பட்டு, மின்னோட்டத்தை யந்திரத்திற்குத் திரும்பக் கொண்டுவரும் கேபிள். மற்றொன்று, யந்திரத்தின் இரும்புக் கூட்டைப் பூமியோடு இணைத்து, உள்ளே காப்பு பழுதானால் உயிரைக் காக்கும் பச்சைக் கம்பி. கவ்வியை மாட்டிவிட்டு ‘எர்த் கொடுத்தாயிற்று’ என்று நினைப்பவர், இரண்டாவது எர்த் இல்லாமலே வேலை செய்கிறார். யந்திரத்தினுள் ஒரு கம்பி கூட்டைத் தொட்டுவிட்டால், அடுத்து அக்கூட்டைத் தொடும் கை 230 வோல்ட்டைத் தொடுகிறது.

உயிர்காக்கும் எர்த்திற்குத் தனிக் குழி வேண்டும். சுமார் இரண்டரை மீட்டர் நீளமுள்ள துத்தநாகப் பூச்சுக் குழாயை நிலத்தில் செங்குத்தாக இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு மூடுவது நெடுநாள் வழக்கம். சேலம், நாமக்கல் பகுதியின் செம்மண்ணும் அடியிலுள்ள சுக்கானும் பாறையும் கோடையில் வறண்டுபோவதால், மாசி முதல் ஆனி வரை அக்குழிக்கு வாரம் ஒரு முறையாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். வறண்ட எர்த் பெயருக்கு மட்டுமே எர்த். உரிமம் பெற்ற மின் தொழிலாளியைக் கொண்டு வருஷத்திற்கு ஒரு முறை அதன் தடையை அளந்துகொள்வது நலம். அத்துடன் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை வெட்டும் ஆர்.சி.சி.பி. என்ற ஸ்விட்சையும் பொருத்த வேண்டும்.

எனினும், அந்த ஸ்விட்சு யந்திரத்திற்கு வரும் மின்சாரத்தை மட்டுமே கண்காணிக்கும். வெல்டிங் கம்பியின் பக்கம் ஓடும் மின்சாரம் அதன் பார்வைக்கு அப்பாற்பட்டது. வேலை நடவாத வேளையிலும், யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்வரை, கம்பியின் நுனியில் 50 முதல் 80 வோல்ட் வரை நிற்கிறது. உலர்ந்த தோலுக்கு அது சிறிதாகத் தோன்றலாம். வியர்வையில் நனைந்த சட்டையோடு ஈரத் தரையில் முழங்காலிட்டு இருப்பவருக்கு அது எமனாகலாம். அந்தப் பக்கத்திற்கு உலர்ந்த தோல் கையுறை, ரப்பர் அடியுள்ள பூட்ஸ், காலடியில் ஒரு காய்ந்த பலகை ஆகியவையே காவல். வெறுங்கையால் கம்பி மாற்றுவதும், கம்பி பிடிக்கும் கைப்பிடியை அக்குளில் இடுக்கிக்கொள்வதும் அறவே கூடாது.

திரும்பு கேபிளின் கவ்வியை வேலை நடக்கும் இடத்திற்கு மிக அருகில், துருவும் வர்ணமும் சுரண்டிய பரப்பில் மாட்ட வேண்டும். டிராக்டரின் பின்பக்கத்தில் பற்றவைத்துக்கொண்டு கவ்வியை முன்பக்கத்தில் மாட்டினால், மின்சாரம் சக்கரத்துப் பேரிங்குகளின் வழியே பாய்ந்து அவற்றைப் பொத்தலாக்கும். டிராக்டரில் பற்றவைக்குமுன் பாட்டரிக் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரம் ரூபாய் நஷ்டத்தில் முடியும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது

இரண்டரை மில்லிமீட்டர் கம்பிக்கு 60 முதல் 90 ஆம்பியரும், 3.15 மில்லிமீட்டர் கம்பிக்கு 90 முதல் 130 ஆம்பியரும் தேவை. அதற்காகச் சிறிய யந்திரமும் வீட்டு இணைப்பிலிருந்து இருபது ஆம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும். விளக்கிற்கும் மின்விசிறிக்கும் போட்ட கம்பி அதைத் தாங்காது. சுவருக்குள் சூடேறி, ஒரு நாள் தீயாக வெளிப்படும். நாலு சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பியும், தூரம் அதிகமானால் ஆறு சதுர மில்லிமீட்டர் கம்பியும், 32 ஆம்பியர் தனி ஸ்விட்சும் போடுவது அவசியம். நீட்டுக் கம்பியைச் சுருளாக வைத்தபடி உபயோகித்தால் அது உருகும். முழுதும் விரித்தே உபயோகிக்க வேண்டும்.

கிணற்றுப் பம்பிற்குக் கட்டணமின்றி வரும் விவசாய மின்னிணைப்பில் இந்த யந்திரத்தை மாட்டும் பழக்கம் கண்டிக்கத்தக்கது. அவ்விணைப்பு நீர் இறைப்பதற்காகக் கொடுக்கப்பட்டது; வெல்டிங்கிற்கு அன்று. விதிக்கு விரோதமாவதோடு, அந்த மின்மாற்றியை நம்பியுள்ள அண்டை வயல்காரரின் மோட்டாருக்கும் மின்னழுத்தம் குறைந்து சுருள் கருக இடமுண்டு. வீட்டு இணைப்பிலும் யந்திரம் மாட்டுமுன் மின் பகிர்மானக் கழகத்தின் பிரிவு அலுவலகத்தில் விஷயத்தைச் சொல்லி, தக்க அனுமதியும் பளு உயர்வும் பெற்றுக்கொள்வதே மரியாதை.

இடமும் நெருப்பும்

பற்றவைக்கும்போது தெறிக்கும் பொறி 35 அடி தூரம் வரை செல்லக்கூடும். ஆடிக் காற்றில் அதற்கும் அப்பால் போகலாம். ஆகையால் அந்தத் தூரத்திற்குள் வைக்கோற்போர், சோளத்தட்டு, தென்னங்கீற்று, சாக்கு, கோழித் தீவனம், டீசல் கேன் ஆகிய எதுவும் இருத்தல் ஆகாது. கீற்றுக் கொட்டகைக்குள் பற்றவைப்பது பைத்தியக்காரத்தனம். தகரக் கூரையும் மண் அல்லது சிமெண்டுத் தரையும் உள்ள, மூன்று பக்கம் காற்றோட்டமுள்ள தனித் தாழ்வாரமே உகந்தது. ஒரு வாளி மணலும் ஒரு குடம் தண்ணீரும் கையருகே இருக்க வேண்டும். ஆனால் ஸ்விட்சை அணைக்கும்வரை தண்ணீரை எடுக்கலாகாது. வேலை முடிந்ததும் போய்விடாமல், ஒரு மணி நேரம் யாரேனும் அவ்விடத்தைக் கவனித்திருப்பது அவசியம். வைக்கோலில் விழுந்த பொறி உடனே எரிவதில்லை. உள்ளே கனன்றிருந்து, எல்லோரும் உண்டு உறங்கிய பிறகு எரிகிறது.

கண்ணும் மூச்சும்

வெல்டிங் ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் நிறைந்துள்ளது. அதை வெறுங்கண்ணால் சில விநாடி பார்த்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் சென்று, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணலைக் கொட்டினாற்போல உறுத்தி நீர் வழியும். இதற்குத் தாய்ப்பால் விடுவதும், உருளைக்கிழங்கை அரிந்து வைப்பதும், கடையில் கேட்டு ஏதோ மருந்து விடுவதும் கிராம வழக்கம். அசுத்தமான எதையும் புண்பட்ட கண்ணில் விடுவது புதிய நோயை வரவழைப்பதாகும். கண் வைத்தியரிடம் காட்டுவதே முறை. சாதாரண கறுப்புக் கண்ணாடி இதற்குப் பயன்படாது. பத்து அல்லது பதினொன்று எண்ணுள்ள வெல்டிங் கண்ணாடி பொருத்திய, தலையில் மாட்டும் முகக்கவசமே வேண்டும். கையில் பிடிக்கும் கவசம் ஒரு கையைப் பறித்துக்கொள்ளும். கசடு தட்டும்போது கண்ணாடிச்சில் போன்ற துணுக்குகள் தெறிப்பதால், அதற்கு வெள்ளைக் கண்ணாடி தனியே தேவை. சிறுவர்களை அவ்விடத்திற்கு வரவே விடலாகாது. வேலைக்கும் வழிப்போக்கருக்கும் இடையில் ஒரு தகரத் தடுப்பு நிற்கட்டும்.

உடையைப் பொறுத்தவரை, முழுக்கைப் பருத்திச் சட்டையும் மடிப்பில்லாத பருத்திக் கால்சட்டையும் நலம். நைலான் கலந்த லுங்கி பொறி பட்டவுடன் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ரப்பர்ச் செருப்புக்குள் விழும் ஒரு துளி உருகிய இரும்பு பல நாள் நடக்கவொட்டாமல் செய்யும்.

புகையைப் பற்றி நாமக்கல் கோழிப் பண்ணையாளர் விசேஷமாக அறியவேண்டியது ஒன்று. பண்ணைக் கூண்டுகளும் தண்ணீர்க் குழாய்களும் பெரும்பாலும் துத்தநாகம் பூசியவை. அப்பூச்சின்மேல் பற்றவைத்தால் வெண்புகை கிளம்பும். அதை முகர்ந்தவருக்குச் சில மணி நேரத்தில் மலேரியாக் காய்ச்சல் போல் குளிரும் நடுக்கமும் உடல்வலியும் உண்டாகும். இது பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடுவதால் ‘ஏதோ குளிர்சுரம்’ என்று விட்டுவிடுகிறார்கள். பால் குடித்தால் வராது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது இரைப்பைக்கு. பற்றவைக்கும் இடத்தின் இரு பக்கமும் இரண்டு அங்குலம் பூச்சைத் தேய்த்து நீக்கி, காற்றுக்குப் பக்கவாட்டில் நின்று வேலை செய்வதே பரிகாரம். தேய்க்கும்போது எழும் தூளையும் முகராமல் மூக்கு, வாயை மூடும் தக்க கவசம் அணிய வேண்டும். சாதாரண வெல்டிங் புகையும் அற்பமானதன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், 2017-ஆம் ஆண்டில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில், அதை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது.

வீட்டில் செய்யத்தகாத வேலைகள்

எதைச் செய்வது என்பதைக் காட்டிலும் எதைச் செய்யாதிருப்பது என்று அறிவதே மேல். முதலாவது, டீசல் பீப்பாய், பெட்ரோல் டாங்கி, மருந்து டப்பா ஆகியவற்றைக் காலியாயிற்று என்று நம்பிப் பற்றவைத்தல். நிறைந்த பீப்பாயைவிடக் காலிப் பீப்பாயே கொடியது. உள்ளே தங்கிய ஆவி காற்றோடு கலந்து வெடிமருந்தாக நிற்கிறது. சாண எரிவாயுக் கலத்தின் இரும்பு மூடியும் அவ்வாறே. அதைக் கலத்தின்மேல் வைத்தபடி பற்றவைக்கத் துணிதல் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

இரண்டாவது, கிணற்றுக்குள் இறங்கிப் பற்றவைத்தல். பாறை வெட்டிய ஆழமான கிணற்றில், நனைந்த படியில் நின்று, இரும்பு ஏணியைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலையில் மின்சாரம், புகை, வழுக்கல் ஆகிய மூன்றும் சேர்ந்து தாக்குகின்றன. மேலே நிற்பவரால் உதவவும் முடியாது. குழாயை மேலே தூக்கிக் காய்ந்த தரையில் வைத்துப் பற்றவைக்க ஆகும் கூடுதல் கூலி ஓர் உயிரின் விலைக்கு முன் அற்பம்.

மூன்றாவது, முறிந்தால் உயிர் போகக்கூடிய உறுப்புகள். டிரெய்லரின் இழுப்புச் சட்டம், கொக்கி, அச்சு, மேலே ஏறி நிற்கும் ஏணி, பாரந்தூக்கும் கொக்கி இவற்றைப் பழகிய பட்டறைக்கே விட வேண்டும். வில்பட்டையும் கொழுவும் கரி மிகுந்த உருக்கால் ஆனவை. சாதாரணக் கம்பியால் பற்றவைத்தால் ஒட்டினாற்போல் தோன்றி, ஒட்டின் ஓரத்தில் வெடிக்கும். பம்பின் வார்ப்பிரும்புக் கூடும் அவ்வாறே. அதற்கு வேறு கம்பியும் சூடேற்றும் முறையும் உண்டு.

பராமரிப்பு

யந்திரத்தைக் காப்பது கடினமன்று, மறவாமையே வேண்டும். இன்வெர்ட்டர் யந்திரத்தின் விசிறி, கோழி இறகுத் தூசியையும் தவிட்டுத் தூசியையும் உள்ளே இழுத்து அடைத்துக்கொள்ளும். மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த காற்றால் மெதுவாக ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். கேபிளை எலி கடித்திருக்கிறதா என்றும், முனைத் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் ஒவ்வொரு தடவையும் பார்த்தல் நலம். தளர்ந்த முனை சூடேறும், கடிபட்ட கேபிள் கொல்லும். நாடாவைச் சுற்றி ஒப்பேற்றாமல் கேபிளை மாற்றிவிட வேண்டும். வெல்டிங் கம்பியை மூடியுள்ள தகர டப்பாவில் வைக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் ஈரம் ஏறிய கம்பியால் இட்ட ஒட்டுக் குமிழி விழுந்து பலமிழக்கும்.

கிராம உத்தியோகஸ்தர்களின் பங்கு

இவ்வளவையும் தனித்தனிக் குடியானவர் தாமே கற்றுக்கொள்வார் என்று இருந்துவிடுவது சரியன்று. சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் தொழிலுக்கு ஒரு வருஷப் படிப்பு நடைபெறுகிறது. திருச்சியில் பெல் ஆலையைச் சார்ந்து 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே உள்ளது. அறிவு அருகிலேயே இருக்கிறது. அதைக் கிராமச் சாவடிக்குக் கொண்டுவருவோர் இல்லை. உழவுப் பருவத்திற்கு முன் ஓர் ஆசிரியரை அழைத்து ஒரு நாள் செய்து காட்டச் செய்வது ஊராட்சிக்குப் பெருஞ்செலவன்று. கூட்டுறவுச் சங்கம் உரத்தோடு முகக்கவசத்தையும் தோல் கையுறையையும் விற்பனைக்கு வைக்கலாம். தனித்தனியே பத்துப் பேர் பத்து யந்திரம் வாங்கி அரைகுறையாக நடத்துவதைவிட, ஊருக்குப் பொதுவாக ஒரு தகரத் தாழ்வாரமும், ஒழுங்கான இணைப்பும், ஒரு பழகிய இளைஞரும் இருப்பது எவ்வளவோ மேலானது.

தாமே வாங்கத் தீர்மானித்தவரும் ஒரு வரிசையைக் கைக்கொள்ளட்டும். முதலில் எர்த் குழி, இரண்டாவது தனிக் கம்பியும் ஸ்விட்சும், மூன்றாவது முகக்கவசமும் கையுறையும், கடைசியில் யந்திரம். இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறவருக்கு யந்திரம் மிச்சப்படுத்திக் கொடுக்கும் கூலி, ஒரே நாள் ஆஸ்பத்திரிச் செலவிற்குக்கூட ஈடாகாது.